உள்ளிருந்து திறக்கிறதா?

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவும் நன்றாக இருக்கிறாள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? கேட்க வேண்டியது முறை, கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் போனில் நாம் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "யாருக்காவது உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனிமேல் அம்மா விஷயத்தைப் போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். எழுத்தில் குரலை உயர்த்த முடியாது என்று நினைத்திருப்பாய். எனக்கு முடியும்.

நீ அனுப்பிய நான்கு விளம்பரப் புத்தகங்களும் வந்து சேர்ந்தன. நான்கு முதியோர் குடியிருப்புகள், நான்கும் வழுவழுப்பான அட்டை. பக்கத்துக்குப் பக்கம் ஒரு வெள்ளைத் தலை சிரிக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபது வருடமாக வயதானவர்களின் முகத்தை அரை அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறவள் நான். இப்படி ஒருவரும் சிரித்ததில்லை.

முப்பத்தொரு வருடம் ஒரு ஹோட்டலின் இருநூறு அறைகளை மேற்பார்வை பார்த்தவள் அம்மா. எல்லாக் கதவையும் திறக்கிற ஒற்றைச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள். அவளுக்கு நீ படத்தைப் பார்த்து அறை பிடிக்கிறாய். பார்சல் அனுப்புகிற மாதிரி அனுப்பிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்று எண்ணமா?

ஆமாம், நவம்பரில் வழி தவறிப் போனாள். டிசம்பரில் இன்னொரு முறை. அடுப்பை அணைக்க மறந்தாள். எல்லாவற்றையும் உனக்குச் சொன்னதே நான்தான். இப்போது அந்தப் பயம் இல்லை. ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். நான் கடைக்குப் போய் வருகிற வரை பத்திரமாக இருக்கிறாள். நீ அங்கிருந்து கவலைப்பட வேண்டாம்.

பாரம் தூக்கும்போது குனியாதே.

அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

என் முதுகு அப்படியே இருக்கிறது. உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுது. உன் கடிதத்தைப் படித்த பிறகு என்னுடையதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்தப் புத்தகங்களை நான் ஏன் அனுப்பினேன்? ஜனவரியில் நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "நான் இந்த வீட்டுல கைதி மாதிரி இருக்கேன்டா, உனக்கென்ன தெரியும்!" என்று கத்தினாய். கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கைதி என்று சொன்னவளை விடுவிக்க வழி தேடினால், கையைக் கழுவுகிறான் என்கிறாய். சும்மா இருந்திருந்தால், கல் மாதிரி இருக்கிறான் என்றிருப்பாய். உனக்கு எந்தத் தம்பி வேண்டும் என்று சொல்லிவிடு, நான் அந்தத் தம்பியாக இருந்துவிடுகிறேன்.

நான் அறை பிடிக்கவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் நான்கையும் காட்டு. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம். அவளை விட அறை பார்க்கத் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்கள்? செலவு என் பொறுப்பு என்று சொன்னேன், அதையும் குத்திக்காட்டாதே.

ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். என்ன ஏற்பாடு? ஆள் வைத்திருக்கிறாயா?

வேளைக்குச் சாப்பிடு. கடையில் நின்றுகொண்டே சாப்பிடாதே.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

இருவரும் சுகம். என் ரத்த அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, காரணம் உனக்குத் தெரியும். உன் மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடு.

உன் பேச்சைக் கேட்டு முதல் இடத்துக்குப் போனோம். அட்டையில் குளம் இருக்கிறதே, அது. நேரில் அது குட்டை. அம்மா அந்தப் பழைய சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். கைப்பையில் ஹோட்டல் காலத்து அறைச் சோதனைத் தாள் கட்டு ஒன்று. ஓய்வு பெற்ற அன்று எடுத்து வந்தது, இன்னும் தீரவில்லை. படுக்கை, குளியலறை, ஜன்னல், கதவு என்று கட்டம் கட்டிய தாள், நீயும் பார்த்திருப்பாய்.

நிர்வாகி, பார்வைக்கென்று வைத்திருந்த மாதிரி அறையைக் காட்டினார். அம்மா அவரைப் பார்த்து, "இது யாரும் படுக்காத கட்டில். ஆள் இருக்கிற அறையைக் காட்டுங்க" என்றாள். மனிதர் முகம் சுருங்கிப் போயிற்று. தாழ்வாரத்தில் ஒரு கதவைப் படாரென்று திறந்துவிட்டார். உள்ளே ஒரு தாத்தா பாதிச் சட்டையோடு நிற்கிறார். அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ரெண்டு தடவ தட்டணும். யாருன்னு சொல்லணும். நிக்கணும். உள்ள இருக்கறவர் திறக்கற வரைக்கும் நிக்கணும். முதல் நாள் வேலைக்கு வர்ற பொண்ணுக்குக்கூட இது தெரியும். நீங்க எத்தன வருஷமா இருக்கீங்க?"

பதினாலு வருடமாம். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று காலை சாப்பிட்டது நினைவில்லாதவள், இதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

பிறகு ஒரு காலி அறைக்குள் போய் என்னை வெளியே நிற்கச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். திறந்தாள். சாத்தினாள். திறந்தாள். மூன்று முறை. "என்னம்மா விளையாட்டு?" என்றேன். தாளில் ஏதோ எழுதினாள். மறதியில் வருகிற பழக்கங்களில் இதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

இதுதான் நீ தேர்ந்தெடுத்த இடத்தின் லட்சணம். இன்னும் மூன்று இருக்கின்றன. என் ஞாயிற்றுக்கிழமைகள் உனக்குத்தான் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

குளிரில் காதை மூடிக்கொண்டு வேலை செய்.

அக்கா


மார்ச் 27

அக்காவுக்கு,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். அந்தக் கழுத்துப்பட்டியை நினைத்து நினைத்து இரண்டு நாள் சிரித்தேன். கூட வேலை செய்கிறவன் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறான்.

சிரித்து முடித்த பிறகு கோபம் வந்தது. இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. என்ன ஏற்பாடு? பக்கத்து வீட்டு ஆளா? சம்பளத்துக்கு ஆளா? குட்டையைப் பற்றி எழுத இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா?

விதியை மீறிப் போன புதன்கிழமை வீட்டுக்குப் போன் செய்தேன். உங்களுக்கு அப்போது காலை பதினொரு மணி. நெடுநேரம் அடித்த பிறகு அம்மா எடுத்தாள். "எங்க இருக்கே?" என்றாள். சொன்னேன். "பக்கத்துல இருந்தா ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்" என்றாள். அம்மா, நான் விமானம் ஏறி வருகிற தூரத்தில் இருக்கிறேன் என்றேன். "ஓ, ஆமால்ல. சரி, பரவாயில்ல" என்று வைத்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. மறதி இந்த அளவுக்கு வந்துவிட்டதா?

மற்ற இடங்களையும் பார். அந்தச் சோதனைத் தாள்களை எனக்கு அனுப்பு. எனக்கு அம்மாவின் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

மூட்டு வலிக்கு அந்தத் தைலத்தைத் தடவிக்கொள்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

இரண்டாவது இடம் மோசமில்லை. அதனால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் எழுத வேண்டும். கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக வந்தால் பொறுத்துக்கொள்.

வெளியே மலர்த் தொட்டிகள், உள்ளே ஏதோ ஒரு மெல்லிய சங்கீதம். இரண்டாவது மாடிக்குப் போனோம். மாடிக் கதவில் எண்களை அழுத்தும் பூட்டு. ஊழியர்களுக்கு மட்டும்தான் அந்த எண் தெரியும். கதவுக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு அம்மாள், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஊருக்குப் போகத் தயாராக நிற்கிற மாதிரி. "தினமும் நிப்பாங்க, கொஞ்ச நேரத்துல சோர்ந்து உக்காந்துடுவாங்க" என்றாள் ஊழியப் பெண். இதைச் சொல்லும்போது புன்சிரிப்பு வேறு.

மனிதர்களையா இப்படி அடைத்து வைப்பார்கள்? பெற்றவளை இந்த மாதிரி இடத்தில் விட உனக்கு எப்படி மனசு வந்தது? பாதுகாப்பு, பாதுகாப்பு என்று புத்தகத்தில் பன்னிரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்கள். நீயும் அதைப் படித்துவிட்டுத்தானே பேனாவால் வட்டம் போட்டு அனுப்பினாய்? அம்மா அந்தப் பூட்டைத் தொட்டுப் பார்த்தாள். என்னிடம் ஏதோ சொன்னாள், சரியாக நினைவில்லை.

நான்காவது இடத்துக்குப் போகப் போவதில்லை. புத்தகத்திலேயே கம்பளத்தில் கறை தெரிகிறது.

மூன்று தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்காக மட்டும் இல்லை. ஒவ்வொரு வரியாகப் படி. படித்துவிட்டு வெட்கப்படு.

அக்கா


மே 2

அக்காவுக்கு,

உன் நலத்தைப் பிறகு விசாரிக்கிறேன்.

ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முதல் இடம். படுக்கை: விரிப்பு மூலை தளர்வு. குளியலறை: குழாய் அடியில் பாசி. கதவு: உள்ளிருந்து திறக்கிறது. இரண்டாவது இடம். கதவு: உள்ளிருந்து திறக்கிறது, கைப்பிடி ஆடுகிறது. மூன்றாவது இடத்துக்கு மற்ற எல்லாக் கட்டத்திலும் நன்று, நன்று. கதவு: உள்ளிருந்து திறக்கவில்லை. கீழே கோடு போட்டு, அறை தகுதி இல்லை.

நான் குளிர் அறை மெக்கானிக். இறைச்சியும் மீனும் பழமும் வைக்கிற பெரிய அறைகள். எங்கள் வேலையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்கிற கடைசிச் சோதனை ஒன்றுதான். ஒருவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து திறந்துகொண்டு வர வேண்டும். மூன்று முறை. அதை யாரும் விளையாட்டுக்குச் செய்வதில்லை, அக்கா. அம்மா ஏன் செய்தாள் என்று யோசித்துக்கொண்டே தாளைத் திருப்பினேன்.

நீ திருப்பிப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. அம்மா காகிதத்தின் பின்பக்கத்தை வீணாக்க மாட்டாள் என்பது உனக்கு மறந்துவிட்டதா? மூன்றாவது தாளின் பின்பக்கம் நான்காவது அறை இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

"அறை: மகள் வீடு. படுக்கை: மிக நன்று. குளியலறை: நன்று, வழுக்காத விரிப்பு உண்டு. ஜன்னல்: கம்பி. கதவு: காலை எட்டே முக்காலிலிருந்து மாலை ஆறரை வரை உள்ளிருந்து திறக்காது. ஞாயிறு திறக்கும்."

இதுதான் உன் ஏற்பாடா?

பதினொரு மணிக்கு "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்" என்று கேட்டாளே. மறதி என்று நினைத்தேன். கதவைத் திறந்துவிட ஆள் தேடியிருக்கிறாள். தீப்பிடித்தால் என்ன செய்வாள்? கீழே விழுந்தால்? எண் பூட்டைப் பார்த்துக் கை நடுங்கியது என்று எனக்கு எழுதுகிறாய். எந்தக் கை? சாவி பிடிக்கிற கையா?

தம்பி


ஜூன் 6

அக்காவுக்கு,

ஐந்து வாரம் ஆகிறது. பதில் இல்லை. போன் அடித்தால் துண்டிக்கிறாய். மேல்வீட்டுக்காரரைப் பிடித்துக் கேட்டேன். அம்மா நன்றாக இருக்கிறாள், தினமும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள், தன்னைப் பார்த்தால் கையசைக்கிறாள் என்றார். அவருக்கு அது ஒரு நல்ல செய்தி.

திட்டியாவது எழுது. இந்த மாதத்துக்குள் பதில் வராவிட்டால் வேலை போனாலும் கிளம்பி வருவேன்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன்.

ஆமாம், பூட்டினேன். ஜனவரி ஆறாம் தேதியிலிருந்து பூட்டுகிறேன். பூட்டுக்காரரை வரவழைத்து, வெளியே சாவி போட்டால் உள்ளே குமிழ் திரும்பாதபடி மாற்றினேன். அடுப்புக்கு வருகிற குழாயை மூடுவேன். சாப்பாட்டைச் சூடாகப் பாத்திரத்தில் வைப்பேன். போனைப் பக்கத்தில் வைப்பேன். பிறகு சத்தம் வராமல் பூட்டிவிட்டுப் போவேன். போதுமா? தெரிந்துகொள்ள வேண்டும் என்றாயே, தெரிந்துகொள்.

நீ என்ன செய்திருப்பாய்? அதைச் சொல். நவம்பரில் அவள் பெரிய சாலையின் நடுவில், இரண்டு பஸ்களுக்கு இடையில் நின்றாள். டிசம்பரில் பழைய ஹோட்டலுக்கே போய்ப் பின்வாசல் வழியாக நுழைந்து, நான்காவது மாடியில் பெண்களை வரிசையில் நிறுத்தி, இது என்ன கட்டில் விரித்திருக்கிற லட்சணம் என்று திட்டிக்கொண்டிருந்தாள். காவலாளி போன் செய்தபோது நான் ஒரு குழந்தைக்குக் கண்ணாடி அளவெடுத்துக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டுவிட்டு ஓடினேன். இன்னொரு தடவை இப்படி ஓடினால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார் முதலாளி.

ஆள் வைக்கவில்லையா என்கிறாய். ஒரே மாதத்தில் மூன்று பேரை வைத்தேன். ஒருத்தி கீழிருந்து மேலாகத் தூசி தட்டினாள் என்று அனுப்பிவிட்டாள். இன்னொருத்தி தலையணையைத் தரையில் வைத்தாளாம். மூன்றாவதாக வந்தவள் வாய் நிறைய "பாட்டி" என்று கூப்பிட்டாள், அவள் அரை மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. யாரிடம் போய் நிற்பேன்? உன்னிடமா? உன்னிடம் கத்தினேன். நீ புத்தகம் அனுப்பினாய்.

பூட்டிய முதல் நாள் மாலை, வந்து கதவைத் திறந்தேன். அம்மா கதவுக்கு நேராக, குமிழில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னைப் பார்த்தாள். "டீ போடட்டுமா?" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் மறுநாளே பூட்டைக் கழற்றியிருப்பேன். கழற்றியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

எண் பூட்டைத் தொட்டுப் பார்த்து அம்மா என்ன சொன்னாள் என்பது நினைவில்லை என்று எழுதியது பொய். "இங்க வெளிப்படையா பூட்டறாங்க" என்றாள்.

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிறு, அவளை நான்காவது இடத்துக்குக் கூட்டிப் போனேன். பழைய கட்டடம். சுவர் உரிகிறது. கம்பளத்தின் கறை, புத்தகத்தில் இருப்பதை விடப் பெரிது. பொறுப்பாளர் ஒரு பருத்த பெண்மணி, தொண்டை வெண்கலம். அம்மா கட்டிலையும் பார்க்கவில்லை, குளியலறையையும் பார்க்கவில்லை.

"கதவு?" என்றாள்.

"உங்க கதவு, உங்க சாவி. வெளிய போகணும்னா சொல்லிட்டுப் போங்க, ஒருத்தர் கூட வருவாங்க."

"சொல்லாம போனா?"

"அப்பவும் கூட வருவாங்க."

அம்மா ஒரு அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டாள். திறந்தாள். மூன்று முறை. நேராகப் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு வருடம் என் வீட்டில் இருந்தவள், ஒரு நிமிடத்தில் முடிவு செய்துவிட்டாள். ஜூலை முதல் தேதி போகிறாள்.

எனக்கு உன் மேல் கோபம், அவள் மேல் கோபம், அந்தக் கறை படிந்த கம்பளத்தின் மேல் கோபம். என்னைப் பற்றி நீ எழுதியது எல்லாம் சரி. அதனால் உன் மேல் இன்னும் கோபம்.

முதுகைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 5

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்கிறேன்.

நீ செய்தது தப்பு என்பதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் பிப்ரவரியில் "ஏற்பாடு செய்துவிட்டேன்" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அன்றைக்கே போனை எடுத்து என்ன ஏற்பாடு என்று கேட்டிருக்கலாம். நாமே போட்ட விதியைச் சாக்காக வைத்துக் கடிதம் எழுதினேன். கடிதம் போய்ச் சேரப் பத்து நாள், பதில் வரப் பத்து நாள். அந்த இருபது நாளும் எனக்கு வசதியாக இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நான்கு நாள் ஆனது. கோபத்தில் இரண்டு கோப்பைகளை உடைத்தேன், அவை என் கோப்பைகள்தான்.

அந்தக் கைப்பை அம்மாளைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அந்தப் புத்தகத்தில்தான் நான் பெரிய வட்டம் போட்டிருந்தேன்.

செப்டம்பரில் மூன்று வாரம் விடுப்புக் கிடைத்திருக்கிறது. வருகிறேன். அதற்குள் அம்மா அங்கே எப்படி இருக்கிறாள் என்று எழுது. நீ எப்படி இருக்கிறாய் என்றும் எழுது.

தம்பி


ஜூலை 28

தம்பிக்கு,

என் சுகத்துக்கு என்ன குறை. வீட்டில் ஒரு சத்தம் இல்லை. காலையில் கதவைச் சாத்திவிட்டுச் சாவியைப் போடப் போகிறேன், பிறகுதான் உள்ளே யாரும் இல்லை என்பது உறைக்கிறது. அப்படியும் பூட்டத்தானே வேண்டும்? பூட்டுகிறேன்.

அம்மா என்னைப் பார்க்க மறுக்கிறாள்.

முதல் ஞாயிறு போனேன். பழங்களும், அவளுடைய கம்பளிப் போர்வையும் கொண்டுபோனேன். இரண்டு கையிலும் சாமான். கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் அம்மா அறைதானே என்ற நினைப்பு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றாள். "வெளிய போ" என்றாள். கத்தவில்லை. ஹோட்டலில் தப்புச் செய்த பெண்களிடம் பேசுகிற அந்தக் குரல். போர்வையை வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன். "எடுத்துக்கிட்டுப் போ." தாழ்வாரத்தில் நான்கு பேர் பார்க்கிறார்கள். பழங்கள் உருண்டு ஓடின. ஐம்பத்து மூன்று வயதில், கறை படிந்த கம்பளத்தில் மண்டி போட்டுப் பழம் பொறுக்கினேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும், வேலையாக இருப்பதாகப் பொறுப்பாளரிடம் சொல்லி அனுப்பிவிட்டாள். என்ன வேலை? அங்கே துணி மடிக்கிறாளாம், இளம் பெண்களுக்குக் கட்டில் விரிக்கக் கற்றுக்கொடுக்கிறாளாம். ஊர் உலகத்துக்கெல்லாம் நேரம் இருக்கிறது.

ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு இப்போது காட்டுகிறாள். காட்டட்டும். எனக்கும் கோபப்படத் தெரியும். இனிமேல் நானாகப் போவதில்லை. நீ வந்து அவளைப் பார்த்துக்கொள்.

போர்வை இங்கேயே இருக்கிறது. அங்கே இரவில் குளிரும் என்று நினைக்கிறேன். நீயே போன் செய்து கேட்டுச் சொல்.

அக்கா


ஆகஸ்ட் 17

பெரியவளுக்கு,

நான் சுகம். சாப்பாட்டில் உப்புக் குறைவு, சொல்லியிருக்கிறேன். உன் மூட்டு எப்படி இருக்கிறது? கடையில் ஒரு முக்காலி கேட்டு வாங்கு.

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். எழுதியது மறந்துவிட்டால் முதலிலிருந்து படித்துவிட்டு மேலே எழுதுகிறேன். அதனால் சொன்னதையே சொன்னால் பொறுத்துக்கொள்.

சின்னவன் போன் செய்தான். நீ அழுகிறாய் என்றான். போர்வையைப் பற்றிக் கேட்டான். குளிருகிறது.

நான் உன் மேல் கோபமாக இருக்கிறேன். இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். கோபம் இன்னும் தீரவில்லை.

நீ பயந்தாய் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாலையில் நின்றபோது நானும் பயந்தேன். எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை. என்னை ஒருவர் கவனிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. நான் மறக்கிறவள், குருடி இல்லை. "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, பூட்டிட்டுப் போறேன்" என்று என் முகத்தைப் பார்த்து நீ சொல்லியிருந்தால் நானே உனக்குச் சாவியை எடுத்துக் கொடுத்திருப்பேன். சண்டை போட்டிருப்பேன், பிறகு கொடுத்திருப்பேன்.

நீ சத்தம் வராமல் பூட்டினாய். பள்ளி விடுமுறையில் உன்னை ஹோட்டலுக்குக் கூட்டிப் போவேன், நினைவிருக்கிறதா? உனக்குப் பத்து வயது. உள்ளே ஆள் தூங்கினால் எழுப்பக் கூடாது என்று, கதவைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பக் கற்றுக்கொடுத்தேன். அந்த முதல் நாள் காலை நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உனக்கு மறந்துபோன மதியச் சாப்பாட்டுப் பையைக் கொடுக்க வந்தேன். கதவு ஒரு நூல் அளவு உன் பக்கம் போனது. சத்தமே இல்லை. எவ்வளவு சுத்தமாகச் செய்கிறாள் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு குமிழைத் திருப்பிப் பார்த்தேன்.

அந்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உன்னிடம் கேட்டால் நீ பொய் சொல்வாய். உன் பொய்யைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் கேட்கவில்லை. தாளில் எழுதினேன். நீ திருப்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன்.

இங்கே கம்பளம் அசிங்கம்தான். சோப்புத் தண்ணீரும் தூரிகையும் கேட்டிருக்கிறேன், நானே பார்த்துக்கொள்கிறேன். நேற்று சொல்லாமல் வெளியே போனேன். ஒரு பெண் கூட வந்தாள். பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தாள். திரும்ப எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளிடம் கேட்டேன், சொன்னாள். கேட்டதில் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. போர்வையைக் கொண்டு வா. பழம் வேண்டாம்.

அறை எண் பதினொன்று. நீ வருவது எனக்கு மறந்திருக்கலாம். அதனால் சாமானைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு முறை தட்டு. யார் என்று சொல். பிறகு நில்.

உடனே திறக்க மாட்டேன். போய்விடாதே. நின்றுகொண்டிரு, திறப்பேன்.

அம்மா